பூட்டிய பெட்டியும் திறந்த களவும்: பதிப்புரிமையின் அறம் பற்றிச் சில குறிப்புகள்

எமது கவிதைத் தொகுதிகளின் இரண்டாம் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. முதற்பதிப்பு எந்த மாதம், எந்த அச்சகம், அட்டை வரைந்தவர் யார், விலை என்ன என்ற விபரங்களோடு 'பதிப்புரிமை ஆசிரியருக்கு' என்ற இரு சொற்களும் அங்கே கிடக்கும். ஒரு தொகுப்பு வேலைக்காகப் பழைய நூல்களைப் புரட்டியபோது அந்த இரு சொற்களிலேயே நான் தரித்து நிற்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் மௌத்தாகி இருபது, முப்பது வருடங்கள் கழிந்துவிட்டன. அந்த உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது? அதைக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள்? என்ன செய்ய வேண்டும்?

சட்டக் கேள்வியாக மட்டும் பார்த்தால் விடை இலகுவானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை படைப்பாளியின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் மேலும் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. அதற்கு முந்திய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 50 ஆண்டுகளாக இருந்தது. சித்திலெவ்வை 1898இல் காலமானார். ஆகவே 1885இல் வெளிவந்த அவரது 'அசன்பே சரித்திரம்' இன்று எல்லோருக்கும் சொந்தம். ஆனால் 1980இல் மௌத்தான ஒரு கிராமத்துக் கவிஞரின் கவிதைகள் 2050 முடியும்வரை அவரது பிள்ளைகளினதும் பேரப்பிள்ளைகளினதும் கையில் இருக்கும். அவர்கள் திறந்தால் நாம் வாசிக்கலாம். திறக்காவிட்டால் எமது ஆயுளுக்குள் அது கிடைக்காது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். நான் பேச விரும்புவது சட்டம் பேசாத பகுதியைப் பற்றி.

1

பதிப்புரிமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைவூட்டிக்கொள்வது பயன்தரும். 1710இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமே இதற்கு முன்னோடி என்பர். புதிய நூலொன்றின் ஆசிரியருக்கு 14 ஆண்டுகள் உரிமை. அவர் உயிரோடிருந்தால் இன்னுமொரு 14 ஆண்டுகள். அச்சகத்தாரும் புத்தக வியாபாரிகளும் கொழுத்த இலாபம் பார்த்த ஒரு சந்தையில், எழுதியவனுக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். கல்வியை ஊக்குவிப்பதே தனது நோக்கம் என்று அச்சட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

எமது சூழலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஒரு முஸ்லிம் எழுத்தாளன் தனது நூலைத் தானே கடன்பட்டு அச்சிடுகிறான். 300 பிரதி, மிஞ்சினால் 500. வெளியீட்டு விழாவில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியை வாங்குகிறார். இன்னும் சிலர் சிறப்புப் பிரதி பெறுகிறார்கள். மீதியை அவனே பையில் சுமந்து பாடசாலைகளுக்கும் நண்பர்களின் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். விற்றது பாதி, அன்பளிப்புப் பாதி, கட்டிலுக்கடியில் செல்லரித்தது மீதி. ஆசிரியனுக்கு உரிமைப் பணம் கொடுத்த பதிப்பகத்தை எனது நாற்பது வருட அனுபவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படியாயின் எழுத்தாளனின் வயிற்றைக் காப்பதற்காக உண்டான அந்த உரிமை, அவன் உயிரோடிருக்கும்போது எமது சூழலில் அவனுக்கு எதையும் தருவதில்லை. அவன் மௌத்தான பின்னரே அது இயங்கத் தொடங்குகிறது. அதுவும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது: மூடிவைத்தல். சந்தையே இல்லாத இடத்தில் சந்தைக்கான பூட்டு எதற்கு என்ற கேள்வியை நாம் இதுவரை காத்திரமாகக் கேட்கவில்லை.

இதன் விளைவை விமர்சகன் நேரடியாக அனுபவிக்கிறான். எஸ்.எச்.எம். ஜெமீல் 'சுவடி ஆற்றுப்படை' என்ற பெயரில் இலங்கை முஸ்லிம்களின் நூல்களைப் பாகம் பாகமாகப் பட்டியலிட்டார். என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' தொகுதிகளை வெளியிட்டு வருகிறார். இவ்விருவரின் உழைப்புக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் அப்பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு நூல்களைத் தேடிப் போகிறவனுக்குத்தான் வேதனை தெரியும். தலைப்பு உண்டு, ஆண்டு உண்டு, பக்கத் தொகை உண்டு, புத்தகம் இல்லை. இலக்கிய வரலாற்றில் இன்னார் முன்னோடி, இன்னார் இரண்டாம் தரம் என்று நாம் அளந்து சொல்வதெல்லாம் பல வேளைகளில் யாருடைய பெட்டி திறந்திருந்தது என்பதைப் பொறுத்ததாகவே இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் நேர்மையான விமர்சனமல்ல.

2

இனி எனது கதைக்கு வருகிறேன். இதில் நான் குற்றமற்றவனல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2003இல் கிழக்குக் கரையோரக் கிராமமொன்றுக்குப் போயிருந்தேன். அறுபதுகளில் பத்திரிகைகளில் எழுதிய ஒரு கவிஞரின் வீடு அது. அவர் மௌத்தாகிப் பல வருடங்கள். நூல் எதுவும் வெளியிடவில்லை. மகன் மீன் வியாபாரம் செய்கிறவர். றங்குப் பெட்டியைத் திறந்து ஒன்பது கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். தேநீரும் வந்தது.

"பாருங்க காக்கா. எவ்வளவு நேரமும் இருந்து பாருங்க. ஆனா கொண்டுபோகத் தர மாட்டன். பாத்து எழுதவும் வேணாம்."

காரணம் கேட்டேன்.

"வாப்பாட கவிதைய இன்னொருத்தன்ட பேருல அடிச்சத நாங்க கண்ட."

எனக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் சொன்னது ஒரு மாநாட்டுச் சிறப்பு மலரைப் பற்றி. அதில் அவருடைய வாப்பாவின் கவிதையொன்று வேறொருவரின் பெயரில் அச்சாகியிருந்தது. பழைய பத்திரிகைத் துண்டிலிருந்து யாரோ பிரதிபண்ணி அனுப்ப, மலர்க் குழு விசாரிக்காமல் போட்டுவிட்டது. அந்த மலருக்கு ஒப்புநோக்கிய இருவரில் ஒருவன் நான். பிழை பின்னர் எங்களுக்குத் தெரியவந்தது. "அடுத்த மலரில் திருத்தம் போடுவோம்" என்று முடிவெடுத்தோம். அடுத்த மலர் வரவேயில்லை. குடும்பத்தாருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அன்று அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. மூன்று மணித்தியாலம் இருந்து கொப்பிகளை வாசித்தேன். கடலைப் பற்றியும் கடனைப் பற்றியும் எழுதிய மனிதர். மரபுக் கவிதையிலிருந்து புதுக்கவிதைக்கு வரும்போது பலருக்கு நேர்ந்த தடுமாற்றம் அவரிடம் இல்லை. பேச்சுமொழியை அவர் கையாண்ட விதம், அதே காலத்தில் பேர்பெற்ற சிலரை விடவும் இயல்பானது என்பது எனது மதிப்பீடு. அதை நிரூபிக்க என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அந்த வீட்டின் சீமெந்துத் தரை மட்டும் எஞ்சியது.

அடுத்த வருடம் முகாமொன்றில் அவரைச் சந்தித்தேன். அப்போதுதான் மலர் விடயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் கோபப்படவில்லை. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அண்டைக்கு வாசிச்சதுல ஏதாச்சும் பாடமா இருக்கா காக்கா?" என்று கேட்டார். இரண்டு கவிதைகளின் பொருள் எனக்கு நினைவிருந்தது. வரிகள் இல்லை. கவிதையில் பொருளை மட்டும் நினைவில் வைத்திருப்பது கவிதையை நினைவில் வைத்திருப்பதாகாது.

இதில் குற்றவாளி யார்? பெட்டியைப் பூட்டியவரா? அவருக்குப் பூட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். இலக்கியச் சேவை என்ற பெயரில் அனுமதி கேளாமல், பெயர் போடாமல், ஒரு பிரதிகூட அனுப்பாமல் நாம் செய்துவந்த திறந்த களவுதான் அந்தப் பூட்டை வாங்கிக் கொடுத்தது. வாரிசுகள் இலக்கியத்தின் அருமை தெரியாதவர்கள் என்று மேடைகளில் முறையிடுகிறவர்கள் இதை ஒருகணம் சிந்திக்க வேண்டும்.

3

எமது மார்க்க மரபு இவ்விடயத்தில் என்ன சொல்கிறது? இரண்டு எதிர்முனைகளிலும் நின்று ஆதாரம் காட்டுவோர் உண்டு.

அறிவைக் கேட்டவனுக்கு மறைத்தவனின் வாயில் மறுமையில் நெருப்புக் கடிவாளம் பூட்டப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸை ஒரு சாரார் முன்வைப்பர். அறிவு அல்லாஹ்வுடையது, அதற்கு விலையும் வேலியும் ஏது என்பது அவர்களின் வாதம். ஏட்டுப் பிரதிகளின் காலத்தில் யாரும் பிரதிபண்ணலாம் என்ற வழக்கத்தையும் எடுத்துக்காட்டுவர். ஆனால் அந்தக் காலத்திலும் இஜாஸத் என்றொன்று இருந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார் என்ற தொடரைச் சொல்லாமல் ஒரு நூலைக் கற்பிக்கத் துணிவது குறைவாகவே கருதப்பட்டது. பணத்துக்கான உரிமை இல்லாத காலத்திலும் பெயருக்கான உரிமை இறுக்கமாகவே பேணப்பட்டது.

மறுசாரார் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் தீர்மானத்தைக் காட்டுவர். நூலாசிரியரின் உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமை, அதை மீறலாகாது என்று அத்தீர்மானம் ஏற்றுக்கொண்டது. பயன்பாட்டையும் சொத்தாகக் கொள்வது எமது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அந்த வழியிலும் இது பொருந்துகிறது.

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகைமையுடையவனல்லன். ஆனால் எல்லோரும் அறிந்த இன்னொரு ஹதீஸை வைத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மனிதன் இறந்தபின்னும் அறுபடாத செயல்கள் மூன்று: நிலையான தர்மம், பயன்தரும் அறிவு, அவனுக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை. மூன்றும் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. வாப்பாவின் எழுத்தைப் பூட்டிவைக்கும் பிள்ளை, தான் மூன்றாவதாக இருந்துகொண்டு இரண்டாவதை அறுத்துவிடுகிறது. சொத்து என்ற சொல்லைவிட அமானத் என்ற சொல்லே இங்கு பொருத்தமானது. சொத்தை வைத்திருப்பவன் அதைப் பயன்படுத்தாமலே விடலாம். அமானத்தை வைத்திருப்பவனுக்கு அது சேர வேண்டிய இடம் பற்றிய கவலை இருக்க வேண்டும்.

உமறுப் புலவரைப் பற்றிய செவிவழிச் செய்தி எமக்கெல்லாம் தெரிந்ததுதான். சீறாவுக்கு வேண்டிய ரிவாயத்தைக் கேட்டு அவர் சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் போனபோது, அவரது உடையலங்காரத்தைக் கண்டு அப்பா முதலில் மறுத்தார் என்றும், பின்னர் கனவில் அனுமதி கிடைக்கவே வழிசெய்து கொடுத்தார் என்றும் சொல்வர். வரலாறாக இதை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பது வேறு விடயம். கேட்டு வந்தவனின் தோற்றத்தைப் பார்த்துப் பூட்டுவதும், பின்னர் உரியவரின் விருப்பத்தை எண்ணித் திறப்பதும் ஆகிய இரண்டும் அக்கதையில் இருக்கின்றன. அன்று அந்தக் கதவு திறவாதிருந்தால் சீறாப்புராணம் இல்லை. பாடி முடித்த பின்னரும் அது ஒன்றரை நூற்றாண்டு காலம் ஏடுகளில் கிடந்து, செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் 1842இல்தான் அச்சேறியது.

4

ஆயினும் எல்லாப் பூட்டுகளும் ஒன்றல்ல. எழுதியவரே மூட விரும்பினால் என்ன செய்வது?

அபூ ஹய்யான் அத்தவ்ஹீதி தனது முதுமையில் தன் நூல்களைத் தானே எரித்தார். அதைக் கண்டித்த காழி ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட விளக்கக் கடிதத்தை யாக்கூத் தனது இலக்கியர் வரலாற்றில் பதிந்து வைத்திருக்கிறார். வாழ்ந்தபோது தன்னை மதியாதவர்களின் கையில் தன் எழுத்தை விட்டுச்செல்ல மனமில்லை என்ற கசப்பு அக்கடிதத்தில் தெரிகிறது. அவரது நூல்கள் இன்றும் எமக்குக் கிடைப்பதற்குக் காரணம், எரிப்பதற்கு முன்னரே பிரதிகள் பிறர் கையில் போய்ச் சேர்ந்திருந்ததுதான்.

ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான மாவர்தீயைப் பற்றி இப்னு கல்லிகான் இன்னொரு கதை சொல்கிறார். அவர் தன் வாழ்நாளில் நூல்களை வெளியே காட்டவில்லை. மரணத் தறுவாயில் நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைத்து, "நான் உயிர்விடும் நேரம் உன் கையை என் கையில் வை. நான் இறுகப் பற்றினால் என் எழுத்து ஏற்கப்படவில்லை, அவற்றைத் திஜ்லா நதியில் எறிந்துவிடு. கை விரிந்தே இருந்தால் ஏற்கப்பட்டது, வெளியிடு" என்ற கருத்துப்படச் சொன்னாராம். கை விரிந்தே இருந்தது.

இக்கதையில் என்னைக் கவர்வது அற்புதமல்ல. மூடும் உரிமையைத் தன் கையில் வைத்திருந்த ஒருவர், தனக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு மனிதரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதுதான். கப்கா தன் எழுத்துகளை எரித்துவிடும்படி நண்பர் மக்ஸ் புறொட்டிடம் கேட்டதும், 1924இல் கப்கா இறந்தபின் புறொட் அதற்கு மாறாக அவற்றை வெளியிட்டதும் உலகறிந்தவை. புறொட் செய்ததற்காக நாம் நன்றி சொல்கிறோம். ஆனால் எல்லாத் தொகுப்பாசிரியர்களும் தம்மைப் புறொட் என எண்ணிக்கொள்வது ஆபத்தானது.

இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு சகோதரி. எழுபதுகளில் புனைபெயரில் எழுதியவர். வானொலி முஸ்லிம் சேவைக்கும் எழுதியிருக்கிறார். விவாகத்தின் பின் எழுத்தை நிறுத்திவிட்டார். எனது தொகுப்புக்கு அவரது கவிதையொன்றை எடுத்துவைத்து அனுமதி கேட்டபோது மறுப்பை மகன் மூலம் தெரிவித்தார். குடும்பத்தார்தான் தடுக்கிறார்கள் என்று நான் அனுமானித்துக்கொண்டேன். எமது பெண்களின் எழுத்துக்கு அவ்வாறு நேர்ந்த சம்பவங்கள் எத்தனையோ உண்டல்லவா? எனவே அவரோடு நேரில் பேச வேண்டும் என்று கேட்டேன். தொலைபேசியில் வந்தார். "தம்பி, யாரும் என்னைத் தடுக்கவில்லை. அந்தக் கவிதையை எழுதியவள் வேறொரு ஆள். அவளைத் தெரியாதவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்த எனக்கு விருப்பமில்லை" என்றார். கவிதையை நான் நீக்கினேன். தொகுப்பு அதனால் வறுமைப்பட்டது உண்மை. அந்த வறுமையை ஏற்றுக்கொள்வதே சரியானது என்பதும் உண்மை.

மறுப்பு வந்தால் அது யாருடைய மறுப்பு என்று கேட்பது தொகுப்பாசிரியனின் கடமை. அது படைப்பாளியுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு வற்புறுத்தாமல் ஒதுங்கிக்கொள்வதும் அதே கடமைதான்.

5

இவற்றிலிருந்து நான் வந்துசேரும் முடிவு இது. பதிப்புரிமை என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் மூன்று விடயங்கள். ஒன்று பெயர். அது ஒருபோதும் காலாவதியாகாது. சட்டம் 70 ஆண்டுகள் என்று சொன்னாலும் அறத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. இரண்டாவது வருமானம். அது வந்தால் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். வராவிட்டாலும் அச்சான பிரதிகளில் சிலவாவது அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாவது மூடும் உரிமை. இது படைப்பாளிக்கு மட்டுமே உரியது. வாரிசுக்குச் சட்டத்தில் அது கிடைத்திருக்கலாம். ஆனால் படைப்பாளி தானே பத்திரிகைக்கு அனுப்பி உலகத்தின் முன் வைத்துவிட்ட ஒன்றை, அவர் சொல்லாத ஒரு காரணத்துக்காகப் பின்னால் வந்தவர் மூடுவது அமானத்துக்கு மாறானது.

பாரதியின் எழுத்துக்கள் அவர் 1921இல் மறைந்தபின் பல கைகள் மாறின. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுக்க, 1949இல் சென்னை அரசு பாரதியை நாட்டுடைமையாக்கியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசு வேறு பல எழுத்தாளர்களின் குடும்பங்களுக்கும் பணம் வழங்கி அவர்களது நூல்களைப் பொதுவாக்கியது. எமக்கு அத்தகைய ஏற்பாடு வாய்க்கவில்லை. எமக்கு வாய்த்தவை 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும், 1990இல் வடபுல முஸ்லிம்கள் விட்டுவந்த வீடுகளும், 2004இல் வந்த கடலும். ஒரே பிரதியை ஒரே பெட்டியில் வைத்துப் பாதுகாக்கலாம் என்று நம்புவதற்கு இந்த நாட்டின் வரலாறு எமக்கு எந்த ஆதாரத்தையும் தரவில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் எத்தனையோ ஈழத்து நூல்களை எவரும் இலவசமாக வாசிக்கலாம். எமது நூல்களும் அங்கு போய்ச் சேர்வதற்கு ஒரு தாளில் இடப்படும் கையொப்பமே பெரும்பாலும் தேவைப்படுகிறது.

வஸிய்யத் செய்ய ஏதேனும் வைத்திருப்பவன் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று எமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. காணிக்கும் கடனுக்கும் எழுதுகிறோம். கவிதைக்கு எழுதுவதில்லை. எதை அச்சிடலாம், எதை எரிக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்று வரிகள் போதும். சஞ்சிகை நடத்துவோரும் மலர் வெளியிடுவோரும் அனுமதிக் கடிதமொன்றை வழக்கமாக்கிக்கொண்டால் அரைவாசிப் பூட்டுகள் தாமாகவே கழன்றுவிடும்.

மீன் வியாபாரியான அந்தச் சகோதரரும் நானும் பின்னர் கொழும்பில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி அவரது வாப்பாவின் கவிதைகள் பதினொன்றைக் கண்டெடுத்தோம். ஒன்பது கொப்பிகளில் இருந்தவை இருநூறுக்கு மேல். அந்தப் பதினொன்றையும் அச்சிட அவர் எழுதித் தந்த அனுமதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. கடைசி வரியில், "பேர் சரியாகப் போடவும்" என்று எழுதியிருக்கிறார்.